உங்க ப்ராசஸருக்கு 'ஷா' தெரியுமா? ஹேஷ் கணக்கை வேகமாக்கும் வசதி இருக்கா, இல்லையா என்று கண்டுபிடிப்பது எப்படி?

கடையில் திருட்டு. சிசிடிவியில் எல்லாம் பதிவாகி இருக்கிறது. அந்தப் பதிவை பென்டிரைவில் போட்டு கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. 2024 ஜூலை 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் சேர்ந்து போக வேண்டும். ஆதாரத்தைக் கொடுப்பவர் ஒரு பகுதியையும், நிபுணர் இன்னொரு பகுதியையும் நிரப்ப வேண்டிய படிவம் அது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்காத ஒரு விவரத்தை இந்தப் படிவம் கேட்கிறது. அதுதான் 'ஹேஷ் மதிப்பு'.

எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்று டிக் அடிக்கவும் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. ஷா-1, ஷா-256, எம்டி5, மற்றவை.

பத்து நிமிட வீடியோ என்றால் இந்தக் கணக்கு கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். 1 டிபி டிஸ்க் முழுவதையும் கணக்கிட வேண்டும் என்றால் கதை வேறு. டிஸ்க் வேகமான எஸ்எஸ்டியாக இருந்தால், ஒரு கம்ப்யூட்டர் இதை 10 நிமிடத்தில் முடிக்கும். இன்னொன்று 40 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வருடத்தில் வாங்கியதாகக்கூட இருக்கலாம். விலை அதிகமானதுதான் மெதுவாகவும் இருக்கலாம்! காரணம், ப்ராசஸருக்குள் இருக்கும், அல்லது இல்லாமல் போன, ஏழே ஏழு கட்டளைகள்.

அந்த வசதி உங்கள் லேப்டாப்பில், போனில், சர்வரில் இருக்கிறதா? எப்படிச் சோதிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ஹேஷ் என்றால் என்ன?

எவ்வளவு பெரிய ஃபைலாக இருந்தாலும் அதை ஒரு குறிப்பிட்ட கணக்கில் போட்டு அரைத்து, ஒரே நீளமுள்ள சின்ன எண்ணாக மாற்றுவதுதான் ஹேஷ். ஷா-256 முறையில் வரும் விடை எப்போதும் 256 பிட். திரையில் 64 எழுத்துகளாகத் தெரியும். ஒரு வரி குறுஞ்செய்தி கொடுத்தாலும் 64 எழுத்துதான், ஒரு முழு சினிமாவைக் கொடுத்தாலும் 64 எழுத்துதான்.

ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். விடையை வைத்து ஃபைலைத் திரும்ப உருவாக்க முடியாது. கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் 'இந்த நகலும் மூலமும் ஒன்றுதான், நடுவில் யாரும் கை வைக்கவில்லை' என்று காட்ட இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது அதன் சான்றிதழைச் சரிபார்ப்பதில் ஷா-256 இருக்கிறது. சாஃப்ட்வேர் அப்டேட் வரும்போது அது உண்மையான கம்பெனியிடம் இருந்துதான் வந்ததா என்று பார்ப்பதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் தன் சிஸ்டம் பகுதியைப் படிக்கும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் போட்டுப் பார்த்துத்தான் நம்புகிறது. நீங்கள் கேட்காமலேயே, உங்கள் கையில் இருக்கும் போன் நாள் முழுக்க இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

எம்டி5, ஷா-1 இரண்டும் பழைய ஆட்கள். எம்டி5-ல் ஒரே ஹேஷ் வரும் இரண்டு வேறு வேறு தகவல்களை உருவாக்க முடியும் என்று 2004-ல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழு காட்டியது. ஷா-1-க்கு அந்த கதி 2017 பிப்ரவரியில் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 ஹேஷ் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்-களை வெளியிட்டன. 2030 டிசம்பர் 31-க்குள் ஷா-1-ஐ முழுவதும் கைவிட வேண்டும் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2022 டிசம்பரில் அறிவித்துவிட்டது. நம்ம ஊர் சான்றிதழ் படிவத்தில் இந்த இரண்டுக்கும் இன்னும் கட்டம் இருக்கிறது. ஆனால் டிக் அடிக்கப்போகிறவர் ஷா-256-ஐத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதை ஏன் ப்ராசஸருக்குள் வைத்தார்கள்?

ஷா-256 ஃபைலை 64 பைட் துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டையும 64 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பிட்களை இடம் மாற்றுவது, கூட்டுவது, கலப்பது என்று நிறைய சில்லறை வேலைகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 ஜிபி ஃபைல் என்றால் 1 கோடியே 56 லட்சத்து 25 ஆயிரம் துண்டுகள். துண்டுக்கு 64 சுற்று என்றால் மொத்தம் 100 கோடி சுற்று. 1 டிபிக்கு இதைப்போல் ஆயிரம் மடங்கு. ஒரு சுற்றுக்குள்ளேயே பல சின்னக் கட்டளைகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தால், சாதாரண ப்ராசஸர் ஏன் திணறுகிறது என்று புரியும்.

இந்தச் சில்லறை வேலைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி, 'இரண்டு சுற்றை மொத்தமாக முடி' என்று ஒரே கட்டளையாகக் கொடுத்தால்? அதைத்தான் இன்டெல் 2013-ல் அறிவித்தது. ஷா-1-க்கு நான்கு, ஷா-256-க்கு மூன்று, மொத்தம் ஏழு புதிய கட்டளைகள். ஷா-256-க்கான முக்கியக் கட்டளை ஒரு தடவைக்கு இரண்டு சுற்றை முடிக்கும். ஷா-1-க்கானது நான்கு சுற்றை முடிக்கும். இந்தத் தொகுப்புக்கு 'ஷா எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று பெயர். லினக்ஸ் வட்டாரத்தில் 'ஷா-என்ஐ' என்பார்கள்.

பலன்? ஒரே வேகத்தில் ஓடும் ப்ராசஸரில் ஷா-256 தோராயமாக 3 முதல் 5 மடங்கு வேகமாகும். அதோடு மின்சாரமும் மிச்சம். போனுக்கு இது பேட்டரி விஷயம்.

ஹார்டுவேரில் ஹேஷ் என்ற யோசனை இன்டெலுக்கு முன்பே இருந்தது. தைவானின் வியா நிறுவனம் 2005-லேயே தன் சி7 ப்ராசஸரில் ஷா-1, ஷா-256 இரண்டையும் வைத்திருந்தது. சந்தையில் வியா பெரிதாக எடுபடாததால் அது பலருக்கும் நினைவில் இல்லை.

யாரிடம் இருக்கு, யாரிடம் இல்லை?

இங்கேதான் பெரிய குழப்பம். 2013-ல் அறிவித்த வசதி இன்டெல் ப்ராசஸரில் முதலில் வந்தது 2016-ல். அதுவும் விலை உயர்ந்த கோர் ஐ7-ல் இல்லை. 'அப்போலோ லேக்' என்ற பெயரில் வந்த மலிவு செலரான், பென்டியம் சிப்களில்! குறைந்த பட்ஜெட் லேப்டாப்களில் இருந்த செலரான் என்3350, என்3450 எல்லாம் இந்த வகைதான்.

போட்டியாளரான ஏஎம்டி 2017-ல் ரைசன் வந்தபோதே முதல் மாடலில் இருந்து இதைக் கொடுத்துவிட்டது. எந்த ரைசன் ஆனாலும் கவலை இல்லை. சர்வருக்கான எபிக் ப்ராசஸர்களும் அப்படியே. ரைசனுக்கு முந்தைய ஏஎம்டி ஏ-சீரிஸ் லேப்டாப்களில் கிடையாது.

இன்டெலின் கோர் வரிசையில் பரவலாக வர 2019 ஆனது. அது லேப்டாப்புக்கான 'ஐஸ் லேக்'. டெஸ்க்டாப்புக்கு 2021-ல் வந்த 11-ம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது 2020-ல் டாப் மாடலாக வந்த கோர் ஐ9-10900கே-வில் இந்த வசதி இல்லை. 2016-ல் வந்த செலரானில் இருக்கிறது. நம்பக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை இதுதான்.

பழைய லேப்டாப் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் 10-ம் தலைமுறை. அந்தத் தலைமுறை லேப்டாப்களில் இன்டெல் இரண்டு வேறு வேறு குடும்பங்களை ஒரே பேரில் விற்றது. ஐ5-1035ஜி1 மாதிரி கடைசியில் 'ஜி' எழுத்தும் எண்ணும் வந்தால் அது ஐஸ் லேக். வசதி உண்டு. ஐ5-10210யு மாதிரி 'யு'-வில் முடிந்தால் அது காமெட் லேக். வசதி கிடையாது. ஸ்டிக்கரில் இரண்டுமே '10-ம் தலைமுறை ஐ5'-தான். கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கும் தெரிய வாய்ப்பு குறைவு. 8-ம், 9-ம் தலைமுறை கோர் என்றால் பெரும்பாலும் இல்லை. 12-ம் தலைமுறை முதல் எல்லாவற்றிலும் இருக்கிறது. மினி பிசிகளில் வரும் என்100-லும் இருக்கிறது.

போன்களில் நிலைமை என்ன?

போனில் இருப்பது ஆர்ம் வகை ப்ராசஸர். 64-பிட் ஆர்ம் வடிவமைப்பு வந்தபோதே ஏஇஎஸ், ஷா-1, ஷா-256-க்கான கட்டளைகளும் கூடவே அறிவிக்கப்பட்டன. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-ல் இருந்த ஏ7 சிப்பிலேயே இது இருந்தது. அதாவது மேஜை மேல் இருந்த இன்டெல் கம்ப்யூட்டருக்கு முன்பாக, பாக்கெட்டில் இருந்த போனுக்கு இந்த வசதி வந்துவிட்டது. இப்போதைய 64-பிட் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம். ஆர்மில் இந்தத் தொகுப்பு 'விருப்பம் இருந்தால்' ரகம். சிப் தயாரிப்பவர் வேண்டாம் என்று விட்டுவிடலாம். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம், மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கும் ராஸ்பெரி பை. 2016-ல் வந்த பை 3, 2019-ல் வந்த பை 4 இரண்டுமே 64-பிட் ப்ராசஸர்தான். ஆனால் கிரிப்டோ கட்டளைகள் இல்லை. 2023-ல் வந்த பை 5-ல்தான் அது வந்தது. வீட்டிலேயே பேக்கப் சர்வர் போடலாம் என்று பை 4 வாங்கியவர்களுக்கு, 'ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு?' என்ற கேள்விக்கான பதிலில் பாதி இதுதான்.

32-பிட் கார்டெக்ஸ்-ஏ7 வைத்த மலிவு போன்களில் இது எதுவுமே கிடையாது. ஹேஷ் மட்டுமல்ல, டேட்டாவைப் பூட்டும் ஏஇஎஸ் கட்டளையும் இல்லை. ஏஇஎஸ் வேகம் வினாடிக்கு 50 எம்பி கூட வராத போன்களுக்கு, டேட்டாவைப் பூட்டி வைக்கும் கட்டாயத்தில் இருந்தே ஆண்ட்ராய்டு ஒரு காலத்தில் விலக்கு கொடுத்திருந்தது. அதாவது விலை குறைந்த போன் வைத்திருப்பவரின் போட்டோவும் மெசேஜும் பூட்டு இல்லாமல் கிடந்தது. ஹார்டுவேர் உதவியே இல்லாமல் ஓடும் 'அடியான்டம்' என்ற முறையை கூகுள் 2019 பிப்ரவரியில் கொண்டுவந்தது இதற்காகத்தான்.

கண்டுபிடிப்பது எப்படி?

எளிய வழியில் இருந்து ஆரம்பிக்கலாம். கட்டளைகளின் பெயர்கள் இங்கே தமிழில் இருக்கின்றன. டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.

விண்டோஸ்: 'சிபியு-இசட்' என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் 'எஸ்எச்ஏ' என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்டு. 'ஏஇஎஸ்' என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். அது 2010-ல் இருந்தே இன்டெலில் இருக்கும் வேறு வசதி. டேட்டாவைப் பூட்டுவதற்கானது, ஹேஷுக்கானது அல்ல. நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இது. 'எச்டபிள்யூஇன்ஃபோ' சாஃப்ட்வேரிலும் இதே பட்டியல் கிடைக்கும்.

லினக்ஸ்: டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' என்று கொடுத்தால் போதும். 'ஃப்ளாக்ஸ்' என்ற நீளமான பட்டியலில் 'எஸ்எச்ஏ அண்டர்ஸ்கோர் என்ஐ' என்ற சொல் இருக்க வேண்டும். 'ப்ராக்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'சிபியுஇன்ஃபோ' ஃபைலிலும் இதே தகவல் உண்டு. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களும் இப்படியே பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டு: 'டெர்மக்ஸ்' செயலியை இன்ஸ்டால் செய்து அதே 'சிபியுஇன்ஃபோ' ஃபைலைத் திறந்து பாருங்கள். இங்கே சொற்கள் வேறு. 'ஃபீச்சர்ஸ்' வரியில் 'எஸ்எச்ஏ1', 'எஸ்எச்ஏ2' என்று இருக்கும். இதில் 'எஸ்எச்ஏ2' என்பது ஷா-256-ஐக் குறிக்கிறது. 'எஸ்எச்ஏ512', 'எஸ்எச்ஏ3' என்று தனியாக இருந்தால் அவை பின்னால் வந்த கூடுதல் வசதிகள். ராஸ்பெரி பை-யிலும் இதே சொற்கள்தான்.

மேக்: எம்1 முதல் வந்த எல்லா ஆப்பிள் சிப்களிலும் இருக்கிறது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்கள், டெர்மினலில் 'சிஸ்சிடிஎல்' கட்டளைக்குப் பிறகு 'எச்டபிள்யூ புள்ளி ஆப்ஷனல்' என்று கொடுத்தால் வரும் பட்டியலில் 'ஃபீட் ஷா256' என்ற வரிக்கு எதிரே 1 என்று இருக்கும்.

இந்த சாஃப்ட்வேர்கள் எல்லாம் எங்கிருந்து தகவல் எடுக்கின்றன? இன்டெல், ஏஎம்டி வகையில் ப்ராசஸரிடமே நேரடியாகக் கேட்க 'சிபியுஐடி' என்று ஒரு கட்டளை உண்டு. அதில் 7-ம் எண் பக்கத்தைக் கேட்டால், 'இபிஎக்ஸ்' என்ற இடத்தில் வரும் விடையின் 29-வது பிட் 1 ஆக இருந்தால் ஷா உண்டு, 0 ஆக இருந்தால் இல்லை. அவ்வளவுதான். ஆர்மில் சாதாரண புரோகிராம்கள் அப்படி நேராகக் கேட்பது வழக்கமில்லை. ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்டு வைத்திருப்பதை வாங்கிக்கொள்ளும்.

புரோகிராம் எழுதுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால் என்ன ஆகும்? புதிய லேப்டாப்பில் கம்பைல் செய்த புரோகிராம், பழைய கம்ப்யூட்டரில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அப்படியே செத்துப்போகும். கம்பைல் செய்யும்போது 'இருக்கு' என்று நினைப்பதும், ஓடும்போது உண்மையிலேயே இருப்பதும் ஒன்று அல்ல.

'இருக்கு' என்று காட்டினால் போதுமா?

போதாது. ப்ராசஸரில் வசதி இருப்பது ஒன்று. நீங்கள் ஓட்டும் சாஃப்ட்வேர் அதைப் பயன்படுத்துவது வேறு. வீட்டில் மிக்ஸி இருந்தும் அம்மியில் அரைக்கிற மாதிரி, ஏழு கட்டளைகளும் சும்மா கிடக்க, பழைய முறையிலேயே கணக்குப் போடும் சாஃப்ட்வேர்கள் உண்டு. அதனால் அளந்து பார்க்க வேண்டும்.

இதற்கு எல்லா இடத்திலும் கிடைக்கும் கருவி 'ஓப்பன்எஸ்எஸ்எல்'. 'ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்பீட்' என்று கொடுத்து, 'ஹைஃபன் இவிபி' சேர்த்து, கடைசியில் 'ஷா256' என்று கொடுங்கள். சில வினாடிகள் ஓடி ஒரு அட்டவணை காட்டும். 16 பைட், 64 பைட் என்று ஆரம்பித்து 16384 பைட் வரை ஆறு கட்டங்கள். எண்கள் ஆயிரம் பைட் கணக்கில் இருக்கும்.

முதல் கட்டத்தைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். 16 பைட்டுக்கு ஒரு ஹேஷ் என்றால், கணக்கை ஆரம்பிப்பதும் முடிப்பதுமே பாதி வேலை. அதனால் அந்த எண் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். பெரிய ஃபைல்களுக்குக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். தோராயமாகச் சொன்னால், ஹார்டுவேர் உதவி இல்லாத லேப்டாப்பில் வினாடிக்கு 40 கோடி பைட் அளவில் வரும். உதவி இருந்தால் 150 கோடியைத் தாண்டுவது சகஜம். சார்ஜர் மாட்டாமல், பவர் சேவிங்கில் அளந்தால் எண் குறையும். சார்ஜரில் போட்டு, மற்ற செயலிகளை மூடிவிட்டு அளங்கள்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வசதியை வேண்டுமென்றே மறைத்துவிட்டு, மறுபடியும் அளந்து பார்ப்பது. 'ஓப்பன்எஸ்எஸ்எல் அண்டர்ஸ்கோர் ஐஏ32கேப்' என்ற மாறியில் முதலில் ஒரு முக்கால்புள்ளி, அடுத்து ஒரு டில்டே குறி, அதன்பின் 0எக்ஸ்20000000 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். அந்த எண் வேறு எதுவும் இல்லை, மேலே சொன்ன 29-வது பிட்தான். 'அந்த பிட்டைப் பார்க்காதே' என்று ஓப்பன்எஸ்எஸ்எல்-இடம் சொல்கிறோம்.

இப்போது வேகம் மடமடவென்று இறங்கினால், முதல் தடவை ஹார்டுவேர்தான் வேலை செய்தது என்று அர்த்தம். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால், ப்ராசஸரில் வசதி இல்லை, அல்லது உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் அதைப் பயன்படுத்தவில்லை. ஆர்ம் கருவிகளில் இதே வேலைக்கு 'ஓப்பன்எஸ்எஸ்எல் அண்டர்ஸ்கோர் ஆர்ம்கேப்' மாறியில் 0 என்று கொடுக்க வேண்டும். அது ஷாவை மட்டுமின்றி மற்ற வேக வசதிகளையும் சேர்த்தே மறைத்துவிடும் என்பதை நினைவில் வைக்கவும்.

இந்தச் சோதனை ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ நம்பி ஓடும் சாஃப்ட்வேர்களுக்குத்தான் பொருந்தும். பைத்தானின் ஹேஷ்லிப் பெரும்பாலும் அதைத்தான் கூப்பிடுகிறது. லினக்ஸ் கெர்னல் தனக்கென்று வேறு குறியீட்டை வைத்திருக்கிறது. நீங்கள் தினமும் ஓட்டும் சாஃப்ட்வேர் வேறு என்றால், அதிலேயே ஒரு பெரிய ஃபைலைக் கொடுத்து கடிகாரத்தைப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. ஒரே ஃபைலை இரண்டு தடவை ஓட்டி, இரண்டாவது நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை டிஸ்கில் இருந்து படிக்கும் நேரமும் சேர்ந்துவிடும். ரேமில் அடங்கும் அளவு ஃபைல் என்றால் இரண்டாவது தடவை அங்கிருந்தே வரும்.

வாடகை சர்வரில் காணவில்லையே, ஏன்?

கிளவுட் சர்வர், அல்லது ஆபீஸில் ஒரே மெஷினைப் பத்தாகப் பிரித்துக் கொடுத்த விர்ச்சுவல் மெஷின். உள்ளே இருக்கும் நிஜ ப்ராசஸர் புதிய எபிக் ஆக இருக்கும். 'எல்எஸ்சிபியு' கொடுத்தால் ஷா காணோம். மெஷின் பொய் சொல்கிறதா?

ஒரு வகையில் ஆமாம். நடுவில் இருக்கும் ஹைப்பர்வைசர், ப்ராசஸர் சொல்லும் பதிலை மறைத்துவிட முடியும். பல சமயம் இது தெரிந்தே செய்வது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்தாமல் ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும் என்றால், இரண்டு இடத்திலும் ஒரே கட்டளைகள் இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பழசில் இருப்பதை மட்டும்தான் காட்டுவார்கள். சில சமயம் யாரும் கவனிக்காமல் விட்டதால் நடக்கும். க்யூஇஎம்யு-வில் ப்ராசஸர் மாடலை மாற்றாமல் விட்டால், மிகப் பழைய அடிப்படை மாடல் ஒன்றைத்தான் அது உள்ளே காட்டும். 'ஹோஸ்ட்' என்று மாற்றிவிட்டால் நிஜ ப்ராசஸரின் வசதிகள் உள்ளே தெரியும். காசு செலவில்லாமல் வேகம் கூடும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. ஆபீஸ் சிஸ்டம் அட்மினிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வேகம் எங்கே உதவாது?

ஆரம்பத்தில் சொன்ன சிசிடிவி-க்கே வருவோம். டிவிஆரில் இருப்பது எஸ்எஸ்டி அல்ல, சுழலும் ஹார்ட் டிஸ்க். வினாடிக்கு 150 எம்பி படிக்கிறது என்று வைத்தால், 1 டிபி படிக்கவே 1 மணி 51 நிமிடம் ஆகும். ப்ராசஸர் எவ்வளவு வேகமாக இருந்தாலும், டிஸ்க் கொடுக்கும்வரை காத்துக்கொண்டுதான் இருக்கும். பழைய யுஎஸ்பி 2.0 பென்டிரைவ் என்றால் இன்னும் மோசம். வினாடிக்கு 30 எம்பி வேகத்தில் 32 ஜிபியைப் படிக்கவே 18 நிமிடம் போய்விடும். ஹேஷ் வசதிக்காக மட்டும் புது கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். வேகமான எஸ்எஸ்டியில் இருந்து வேகமாகப் படிக்கும்போதுதான் ப்ராசஸர் தடையாகிறது.

பாஸ்வேர்டைச் சேமிப்பதற்கும் இது உதவாது. உண்மையில் இந்த வேகம் அங்கே எதிரி. ஷா-256 போட்டு பாஸ்வேர்டை வைத்தால், திருடியவரும் இதே வேகத்தில் வினாடிக்குக் கோடிக்கணக்கில் யூகித்துப் பார்ப்பார். அதற்கென்றே வேண்டுமென்று மெதுவாகச் செய்யப்பட்ட பிகிரிப்ட், ஆர்கான்2 போன்றவைதான் சரி. பிட்காயின் எடுப்பதற்கு? அதுவும் ஷா-256-தான். ஆனால் அதற்காக மட்டுமே செய்த தனி சிப்கள் சந்தையை எப்போதோ பிடித்துவிட்டன. லேப்டாப்பில் முயற்சி செய்தால் கரண்ட் பில்தான் வரும்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் இங்கே தலைகீழாகிறது. 'எம்டி5 பாதுகாப்பு குறைவு, ஆனால் வேகம் அதிகம்' என்று சொல்வார்கள். எம்டி5-க்கு இன்டெலும் ஏஎம்டியும் தனிக் கட்டளை எதையும் கொடுக்கவில்லை. ஷா வசதி இருக்கும் ப்ராசஸரில் ஷா-256-தான் எம்டி5-ஐ விட வேகமாக ஓடும். பாதுகாப்பும் அதிகம், வேகமும் அதிகம் என்றான பிறகு, பழக்கதோஷத்தில் எம்டி5-ஐப் பிடித்துக்கொண்டிருக்க காரணம் இல்லை.

சோதித்தேன், இல்லை என்று வருகிறது. என்ன செய்யலாம்?

பயாஸ் அப்டேட், டிரைவர், சாஃப்ட்வேர் எதாலும் இதை உள்ளே கொண்டுவர முடியாது. சிப்பில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஆனால் முறையை மாற்றலாம். ஷா-512 என்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயரைப் பார்த்தால் இரண்டு மடங்கு வேலை என்று தோன்றும். ஆனால் அது 64-பிட் எண்களில் கணக்குப் போடுவதால், ஷா வசதி இல்லாத 64-பிட் ப்ராசஸரில் ஷா-256-ஐ விட வேகமாகவே ஓடும். வசதி இருக்கும் ப்ராசஸரில் இது நேர் எதிராக மாறும். ஷா-512-க்கான தனிக் கட்டளைகள் இன்டெல் பக்கம் 2024-ல் வந்த லூனார் லேக் போன்ற புதிய சிப்களில்தான் வந்திருக்கின்றன. ஓப்பன்எஸ்எஸ்எல் சோதனையில் 'ஷா256' இருந்த இடத்தில் 'ஷா512' போட்டு இரண்டையும் ஓட்டினால், உங்கள் மெஷினுக்கு எது சரி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சொந்த பேக்கப்பை மட்டும் சரிபார்ப்பது என்றால் 2020-ல் வந்த பிளேக்3-யும் இருக்கிறது. எந்தத் தனிக் கட்டளையும் இல்லாமலேயே, ப்ராசஸரின் எல்லா கோர்களையும் பயன்படுத்தி வேகமாக ஓடக்கூடியது. நீதிமன்றத்துக்குப் போகும் சான்றிதழ் என்றால் வேகத்தைப் பார்க்காமல் ஷா-256-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து 'கெட் ஹைஃபன் ஃபைல்ஹேஷ்' என்று டைப் செய்து, ஃபைல் பெயரைக் கொடுத்தால் போதும். எந்த முறை என்று சொல்லாவிட்டாலும் அது எடுத்துக்கொள்வது ஷா-256-தான். விடை வர அரை மணி நேரம் ஆனாலும் நடுவில் மூடிவிடாதீர்கள். மூடினால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.